லீசன் பையனும் லண்டன் பெரிய மனிதர்களும்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, உடனே பதில் போட முடியவில்லை. இங்கே எல்லாரும் நலம். எனக்கு முழங்கால்தான் மாடிப்படி பக்கமே போகாதே என்கிறது. சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே பேரிங்ஸ் என்ற லண்டன் வங்கியைக் கவிழ்த்த நிக் லீசனைப் பற்றி நீ சொன்ன 'ரோக் டிரேடர்' படத்தை நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

'பாவம்டா அந்தப் பையன்' என்று எழுதியிருந்தாய். எனக்கு அவ்வளவு இரக்கம் வரவில்லை. லீசனாக நடிக்க யூவன் மெக்ரிகர் மாதிரி சிரித்த முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் யார் மேலும் இரக்கம் வரத்தான் செய்யும். அதுவும் இந்தப் படமே நிக் லீசன் ஜெயிலில் இருந்தபோது வெளிவந்த அவருடைய சொந்தப் புத்தகத்தை வைத்து எடுத்தது. வேலிக்கு ஓணான் சாட்சி.

ஆனால் சிமெக்ஸ் தளத்தை, அதாவது பின்னால் வரும் தேதிக்கான விலையை இன்றே பேசி ஒப்பந்தம் போடுகிற சிங்கப்பூர் ஃபியூச்சர்ஸ் சந்தையை, காட்டியிருக்கும் விதம் பிரமாதம். கலர் கலராகக் கோட்டு மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார்கள். உள்ளங்கை தன் பக்கம் திரும்பியிருந்தால் வாங்குகிறேன், எதிராளி பக்கம் இருந்தால் விற்கிறேன், அவ்வளவுதான் பாஷை. அந்த இரைச்சலில் ஒரு புதுப் பெண் வாங்கச் சொன்ன 20 கான்ட்ராக்டை விற்றுவிடுகிறாள், நஷ்டம் சுமார் 20,000 பவுண்டு, அதை மறைக்கப் போய்த்தான் 88888 என்ற கணக்கு வளர்ந்தது என்பது லீசன் தரப்புக் கதை. அந்தக் கணக்கு திறந்தது 1992 ஜூலையில். அந்த வருஷக் கடைசியிலேயே அதில் ஒளிந்திருந்த நஷ்டம் 20 லட்சம் பவுண்டு, 1993 முடிவில் 2.3 கோடி, 1994 முடிவில் 20.8 கோடி. ஒரு பெண்ணின் கைத்தவறு இப்படியா குட்டி போடும்? விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டே போன ஆள் இவர்தான்.

சரி, லீசனை விடு. நீயும் நானும் கேஷ் டேலி ஆகாமல் ராத்திரி ஒன்பது மணி வரை பேங்க் கிளையில் கிடந்தவர்கள். நம் கிளையில் வவுச்சர் போடுகிறவர் ஒருவர், பாஸ் பண்ணுகிறவர் இன்னொருவர். எதில் எழுதுவது என்று தெரியாத பணத்தைப் போட்டுவைக்கிற சஸ்பென்ஸ் கணக்கில் நூறு ரூபாய் ஒரு மாதம் தூங்கினால் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் தோண்டித் துருவி எடுப்பார். 1762-இல் தொடங்கிய பேரிங்ஸ், இங்கிலாந்து ராணியே கணக்கு வைத்திருந்த வங்கி, சிங்கப்பூரில் வியாபாரம் செய்கிற ஆளையே கணக்கு எழுதவும் வைத்திருந்தது. 1994-இல் அவர்களுடைய உள் தணிக்கையே இது சரியில்லை, இரண்டையும் பிரியுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. லாபம் கொண்டுவருகிற பிள்ளையை யார் சீண்டுவார்கள்?

படம் இந்த இடத்தைச் சிரிப்புக்காட்டிவிட்டு ஓடிவிடுகிறது, எனக்கு அதில்தான் கோபம். மேலிடத்துக்காரர்களை வெறும் அசடுகளாகக் காட்டினால் போதுமா? லீசன் செய்வது ஆபத்தே இல்லாத வியாபாரம் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒசாகாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பான் பங்குக் குறியீடான நிக்கேயின் ஒரே ஃபியூச்சர்ஸ் கொஞ்சம் விலை வித்தியாசத்தில் ஓடும், மலிவான இடத்தில் வாங்கி அதே நேரம் மற்ற இடத்தில் விற்றால் அந்த வித்தியாசம் லாபம். நியாயம்தான். ஆனால் அப்படிச் செய்தால் ஒரு பக்கம் போகிற பணம் மறுபக்கம் வந்துவிட வேண்டுமே, பிறகு ஏன் மார்ஜின் மார்ஜின் என்று, அதாவது சந்தையில் கட்டிவைக்க வேண்டிய ஈட்டுப் பணம் என்று, லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது? கடைசியில் போன தொகை வங்கியின் மூலதனத்தையே தாண்டிவிட்டது. இதைக் கேட்க நிதி மேதையாக இருக்க வேண்டாம், நம் கிளையில் இருந்த ஹெட் கிளார்க் கேட்டிருப்பார். அவர்களோ லீசனுக்கு 1994-க்கு நாலரை லட்சம் பவுண்டு போனஸ் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஃபேக்ஸ் விஷயம் தெரியுமா? கணக்கில் இடித்த 778 கோடி யென் எங்கே என்று ஆடிட்டர் கேட்டபோது, ஒரு நியூயார்க் தரகு நிறுவனத்திலிருந்து வர வேண்டிய தொகை என்று கத்தரிக்கோலும் பசையும் வைத்துக் கடிதம் தயாரித்து, தன் வீட்டு மெஷினிலிருந்து அனுப்பினார். தாளின் உச்சியில் அனுப்பியவர் பெயராக 'நிக், லிசா' என்று புருஷன் பெண்டாட்டி பெயர் அச்சாகியே வந்தது. அதையும் ஏற்றுக்கொண்டார்கள்!

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. இன்ன விலைக்கு வாங்கும் உரிமையான கால், விற்கும் உரிமையான புட் என்ற ஆப்ஷன்கள் இரண்டையும் விற்றுவைத்து, சந்தை அசையாமல் இருந்தால் அதற்கு வாங்கிய பிரீமியம் நமக்கு என்று உட்கார்ந்திருந்தார். 1995 ஜனவரி 17-ஆம் தேதி கோபேயில் நிலநடுக்கம், அடுத்த வாரம் ஒரே நாளில் நிக்கேய் ஆயிரம் புள்ளிக்கு மேல் சரிந்தது. அவரோ சந்தையையே தூக்கி நிறுத்தப் பார்ப்பதுபோல மேலும் மேலும் வாங்கினார். பிப்ரவரி 23-இல் ஓட்டம், மார்ச் 2-இல் பிராங்க்பர்ட்டில் கைது. மொத்த நஷ்டம் 82.7 கோடி பவுண்டு. பேரிங்ஸை டச்சுக்காரர்களின் ஐஎன்ஜி ஒரே ஒரு பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர் நீதிமன்றம் லீசனுக்கு ஆறரை வருஷம் கொடுத்தது, ஆடிட்டரையும் சந்தையையும் ஏமாற்றியதற்காக. பணம் அனுப்பிக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர்கூடக் கம்பி எண்ணவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் நம் கண்ணன். அக்கா மகன், உனக்குத்தான் தெரியுமே, நல்ல வேலையில் இருந்தவன். இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து, நம் பங்குக் குறியீடான நிஃப்டியில் ஆப்ஷன் விற்கிறான். 'மாமா, சந்தை முக்கால்வாசி நாள் அசையாது, பிரீமியம் தானாகக் கரையும்' என்று லீசன் சொன்ன அதே பாட்டு. எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில், இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே கணக்குப் போட்டுச் சொன்னதைக் காட்டினேன். மீதி ஏழு பேரில் தான் ஒருவனாம்.

என்னிடம் பேசினால் எரிந்து விழுகிறான், உன் மேல் அவனுக்கு மரியாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடு. புத்திமதி எதுவும் சொல்லாதே, போனை வைத்துவிடுவான். மார்ஜினுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் விசாரி. அக்கா வீட்டுப் பத்திரம் பீரோவில் இல்லை என்கிறாள்.

அன்புடன்,
ராமு