வகுப்பில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கும் தலைமை ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தாழ்வாரத்தில் நடந்து வருகிறீர்கள். ஒரு வகுப்பிலிருந்து சத்தம் வருகிறது. நின்று ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். உள்ளே நிற்கும் ஆசிரியருக்கு அது போதும், அன்று முழுக்கப் பாடம் ஓடாது. மாலைக்குள் ஆசிரியர் அறையில் பேச்சு வந்துவிடும்: "அவருக்கு கிளாஸ் கன்ட்ரோல் இல்லை."

முதல் வருடம் எனக்கும் அந்தப் பெயர்தான். தொண்டை கட்டும் வரை கத்தினேன். பிள்ளைகள் அடங்கினார்கள், இரண்டு நிமிடத்துக்கு. பிறகுதான் உறைத்தது: கத்தும் வரை இவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்று அவர்களைப் பழக்கியது நானேதான். பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் படித்தேன், பக்கம் பக்கமாகப் பாடக்குறிப்பு எழுதினேன். திருத்திய நாற்பது நோட்டுகளைச் சத்தமில்லாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

நோட்டு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தால் ஐந்து நிமிடம் போய்விடும். அந்த ஐந்து நிமிடமும் முப்பத்தொன்பது பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சும்மா இருக்கும் பிள்ளை பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளாமல் வேறென்ன செய்வான்? நாற்பது நிமிடப் பாடவேளையில் தினமும் ஐந்து நிமிடம் இப்படிப் போனால், எட்டு நாளுக்கு ஒரு பாடவேளை முழுசாகக் காணாமல் போகிறது. இப்போது நான் வரிசை வாரியாக அடுக்கி, முதல் பெஞ்சில் வைத்துவிடுகிறேன். நோட்டு பின்னால் போய்ச் சேர்வதற்குள் கரும்பலகையில் ஒரு கணக்கு காத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் போட்டுப் போட்டுப் பார்த்தார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படி அதட்டுகிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும் என்று தேடினார். அப்படி எதுவும் தெரியவில்லை. நன்றாக நடக்கும் வகுப்பிலும் சந்தைக்கடை போன்ற வகுப்பிலும் அதட்டல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. வித்தியாசம் அதற்கு முன்பே இருந்தது என்று 1970-இல் வெளியிட்ட முடிவுகளில் எழுதினார். நல்ல ஆசிரியர் முதுகிலும் கண் வைத்திருக்கிறார், அது பிள்ளைகளுக்கும் தெரிகிறது. ஒருவனின் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டே இன்னொரு மூலையையும் கவனிக்கிறார். ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடைவெளி விடுவதில்லை. ஜன்னலில் இருந்து பார்த்தால் இதில் எதுவும் கண்ணில் படாது. அதட்டல் மட்டும்தான் காதில் விழும்.

ஆண்டின் தொடக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் 27 பேரைப் பள்ளி திறந்த நாள் முதல் கவனித்த ஓர் ஆய்வு 1980-இல் வந்தது. ஆண்டு முழுக்க வகுப்பைச் சிரமமில்லாமல் நடத்தியவர்கள், தொடக்க வாரங்களில் வகுப்பின் நடைமுறைகளையே ஒரு பாடம் போல நடத்தியிருந்தார்கள். எப்படி உள்ளே வருவது, எப்போது பேசலாம், உதவி வேண்டுமென்றால் என்ன செய்வது என்று சொல்லி, செய்து காட்டி, தவறினால் மறுபடி செய்ய வைத்தார்கள். நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? முதல் வாரம் முடிவதற்குள், "முதல் பாடம் முடிந்ததா?" என்று கேட்டு ஆள் வருகிறது. பாடத்திட்டம் முடிய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடக்க வாரங்களைப் பிடுங்கிக்கொண்டு, பத்து மாதமும் கன்ட்ரோல் இல்லை என்று குறை சொன்னால் எப்படி?

அப்புறம், அமைதியைப் பற்றி. பயந்து போன வகுப்பும் அமைதியாகத்தான் இருக்கும். பிரம்பால் வந்த அமைதி, பிரம்பு அடுத்த அறைக்குப் போனதும் கூடவே போய்விடும். நாலு பேர் கூடி ஒரு கணக்குக்குச் சண்டை போடும் சத்தமும் உண்டு. வெளியே நின்று கேட்டால் அதுவும் குறும்புச் சத்தமும் ஒரே இரைச்சல்தான். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் சும்மா நிற்பதையும் தடுமாற்றம் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகி, அதட்டும் தேவையும் குறைகிறது என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கண்டு சொல்லி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. யாரும் எடுக்க விரும்பாத வகுப்பைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டாதீர்கள் (என் தலையில் அதைத்தான் கட்டினார்கள், கூடவே மதியத்தின் கடைசிப் பாடவேளையையும்). அனுபவசாலி ஒருவரின் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளை அந்தப் புதியவர் உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் முன்னால் அவரைக் கண்டிக்காதீர்கள். ஒரு முறை கண்டித்தால் போதும், அந்த வகுப்பு அவர் கையை விட்டுப் போய்விடும். அதைத் திரும்ப அவர் கையில் கொடுக்க உங்களாலும் முடியாது.

அடுத்த முறை சத்தம் கேட்டால் ஜன்னலில் நிற்காமல் உள்ளே வாருங்கள். கடைசி பெஞ்சில் இடம் இருக்கும். மணி அடித்ததிலிருந்து முதல் பிள்ளை பேனாவைத் திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டு, அதைப் பற்றி அவரிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
இருபது ஆண்டுகளாக ஜன்னலுக்கு உட்புறம் நிற்கும் ஓர் ஆசிரியை