எடையை வாயால கேக்காதீங்க, மெஷின்ல பாருங்க

தமிழ்நாடு சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

காசநோய் இறப்பில்லா திட்டம் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன, 2022ல ஆரம்பிச்சதே நீங்கதான். எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன், தானா எந்திரிச்சு நிக்க முடியுதான்னு பாத்து ஆபத்துல இருக்கவங்கள உடனே அட்மிட் பண்ணணும், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடை கணக்கு, 14க்கு மேல இல்லன்னா யோசிக்காம அட்மிட் பண்ணிடணும், இதெல்லாம் உங்க ரூல்தான்.

எங்க சித்தப்பா கொத்து வேலை பாத்தவரு. காசநோய் மருந்து ஆரம்பிச்ச அன்னைக்கு மருந்து சென்டர்ல எடை மெஷின் ஓடல. "எவ்ளோ இருப்பீங்க"ன்னு அவர்கிட்டயே கேட்டாங்களாம், போன வருஷம் எங்கயோ பாத்த 45ஐ சொல்லிருக்காரு, அதையே அட்டையில எழுதிட்டாங்க. சாயங்காலம் நான் எங்க தெரு பழைய இரும்புக்கடை தராசுல நிக்க வச்சேன். 38. உயரம் 165 செ.மீ., கணக்கு போட்டுப் பாருங்க, 14 கூட வராது. மறுநாள் போய் சொன்னேன், அடுத்த தடவ வரும்போது பாத்துக்கலாம்னாங்க. 38னாலும் 45னாலும் தினம் அதே மூணு மாத்திரைதான், அதனால அட்டையில இருந்த தப்பு யாரையும் உறுத்தல. பதினோராம் நாள் ராத்திரி போயிட்டாரு.

மெஷினுக்கு பேட்டரிதான் தீந்துபோச்சாம்.

பீடியையும் யாரும் கேக்கல. தினம் ரெண்டு கட்டு, மதியம் பசிச்சா ஒரு டீ ஒரு பீடி, அதான் சாப்பாடு, அப்புறம் உடம்பு எங்க ஏறும். புகை பிடிக்கிற ஆம்பளைங்க காசநோயில சாகுறது பிடிக்காதவங்கள விட நாலு மடங்குன்னு நம்ம தமிழ்நாட்டு ஆளுங்கள வச்சு பண்ண ஆராய்ச்சியே 2003ல சொல்லிருச்சு. ஜார்கண்ட்ல நோயாளிங்களுக்கு மாசாமாசம் அரிசி, கடலமாவு, பால் பவுடர்னு குடுத்துப் பாத்தாங்க, முதல் ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறுனவங்களுக்கு சாவு ஆபத்து 61 சதவீதம் கம்மி. சித்தப்பா கணக்குல அது ரெண்டு கிலோ கூட இல்ல சார். ஆனா ஏறுச்சா இறங்குச்சான்னு பாக்க மொதல்ல மெஷின் ஓடணுமே.

மார்ச் 24, உலக காசநோய் நாள் வந்தா பேனர், தொப்பி, பேரணி, போட்டோ எல்லாம் கரெக்டா வந்துடுது, பேட்டரிக்குதான் ஃபண்ட் இல்ல போல. சரி, கோவத்துல பேசுறேன், மன்னிச்சிடுங்க.

கேக்குறது இவ்ளோதான், ஒவ்வொரு மருந்து சென்டர்லயும் ஓடுற எடை மெஷின் இருக்கான்னு ஒருதடவ செக் பண்ணுங்க, அட்டையில பீடி சிகரெட்டுக்கும் ஒரு கேள்வி கேட்டு எழுத சொல்லுங்க, விட முடியலன்னா உதவி பண்ண ஆள் காட்டுங்க.

சித்திக்கு இப்ப மூணு வாரமா இருமல். திங்கக்கிழமை அதே இடத்துக்குதான் கூட்டிட்டு போறேன். தயவுசெஞ்சு அவங்க எடையை அவங்ககிட்ட கேக்காதீங்க.