பாப்பாவுக்கு, மார்ச் விடுமுறையில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. தேக்காவில் முருங்கைக்கீரை நன்றாக இருந்தது, உனக்கும் ஒரு கட்டு ஆய்ந்து வைத்திருக்கிறேன். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை 10.20க்கு, பள்ளி நேரத்தில், உன் மகன் தம்பி எனக்கு ஒரு பூனை ஸ்டிக்கர் அனுப்பினான். 2026 ஜனவரியிலிருந்து இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையில்கூடத் திறன்பேசியைத் தொட விடுவதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ்வளவுதான்.

இனி எழுதுவதைப் பொதுவாக எடுத்துக்கொள். உயர்நிலை இரண்டில் ஒரு பையன். ஞாயிறு மாலையே முகம் வாடும், திங்கள் காலை வயிற்று வலி, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வலி போய்விடும், விடுமுறையில் வலியே கிடையாது. அது நடிப்பு இல்லை. பயம் முதலில் குடலைத்தான் பிடிக்கும். ஊர் சுற்றப் போகும் பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் போகும். இவன் உன் கண்ணெதிரே, உன் வீட்டிலேயே கிடக்கிறான். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல பேர் பிரம்பை எடுக்கிறார்கள்.

முதலில் ஒரே மருத்துவர். இன்றைக்குப் புளோக் அடியில் உள்ள கிளினிக், நாளைக்கு எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்துக் கிளினிக் என்று எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கிக்கொண்டே போனால், மொத்தம் எத்தனை நாள் என்பது யார் கண்ணிலும் படாது. பலதுறை மருந்தகமோ வேறு எங்கோ, ஒரே டாக்டர் உடம்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்து முடிக்கட்டும்.

அடுத்து, அவன் வகுப்புக்குப் பொறுப்பான படிவ ஆசிரியருக்கு எழுது. நான்கு வரி போதும்: இந்தத் தவணையில் எத்தனை நாள் வரவில்லை, எந்தக் கிழமைகளில், உடம்பு என்ன செய்கிறது, பள்ளியில் யாரிடம் நாங்கள் பேச வேண்டும். ஒரே ஆள் இருக்கட்டும். ஆசிரியர் ஒரு பக்கம், ஆலோசகர் ஒரு பக்கம், துணைப்பாட (டியூஷன்) ஆசிரியர் ஒரு பக்கம் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் பிள்ளை மூன்றையும் விட்டுவிடுவான். ஆலோசகர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார். அவரிடம் சொன்னது அவரோடு இருக்கும்; தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வீட்டுக்கும் பள்ளித் தலைமைக்கும் தெரிவிப்பார். இதைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பிறகு, "என்ன சொன்னான்?" என்று அவரைக் குடையாதே. "வீட்டில் நாங்கள் எதை மாற்ற வேண்டும்?" என்று கேள்.

அவனிடம் "ஏன்" என்று கேட்டுப் பயனில்லை, அவனுக்கே தெரியாது. சிலருக்குக் கழிப்பறை, உடற்கல்விக்கு உடை மாற்றுவது, கூட்டம். சிலருக்கு எல்லாரும் பார்க்க வகுப்பில் எழுந்து பேசுவது. சிலருக்கு வீட்டில் இருக்கும் விளையாட்டுத் திரை. சிலருக்கு, தான் போன பிறகு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ஜூலையில் உனக்கு நடந்ததற்குப் பிறகு அந்தக் கடைசிதான் எனக்கு உறுத்துகிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்பதை அவனுக்கு யாராவது சொன்னீர்களா?

பள்ளி திறக்கும் அன்று எல்லாரோடும், முழு நாளும் என்று மட்டும் தொடங்காதே. காலைக் கூட்டம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மலை. இந்த வாரத்திலேயே இரண்டு நாள் சீருடை போட்டு, அதே பேருந்தில், அதே நேரத்துக்குப் பள்ளி வாசல் வரை போய்த் திரும்பட்டும். பள்ளியோடு பேசி, முதல் மூன்று நாள் காலைக் கூட்டம் முடிந்த பிறகு நேரே ஆலோசகர் அறை, பிறகு அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு பாடம், இடைவேளைக்கு முன் வீடு. அது ஆடாமல் நின்றால் இன்னொரு பாடம். இடைவேளை பிற்பாடு, காலைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில். குறித்த நேரம் குறித்ததுதான். நன்றாகப் போகிறது, இன்னும் ஒரு பாடம் இரு என்று அங்கேயே கூட்டினால் மறுநாள் உன்னை நம்ப மாட்டான். நடுவில் பதறினாலும் உடனே அழைத்து வராதே. ஆலோசகர் அறையில் உட்காரட்டும், ஏறிய பதற்றம் தானே இறங்கும், இறங்கிய பிறகு கிளம்பலாம். உச்சத்தில் ஓடி வந்தால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று உடம்பு படித்துக்கொள்ளும்.

கூட்டிக்கொண்டு போக மாப்பிள்ளையை அனுப்பு. கோபித்துக்கொள்ளாதே, உன் முகத்தில் எல்லாம் தெரியும். காலையில் ஒரே வாக்கியம்: "6.40க்கு லிஃப்ட்." பேரம், கண்ணீர், பிரசங்கம் எதுவும் காலையில் வேண்டாம். பேச வேண்டியதை மாலையில் பாத்திரம் கழுவும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசு.

போகாத நாளிலும் அதே நேரத்துக்கு எழ வேண்டும். பள்ளி நேரம் முடியும்வரை விளையாட்டும் வேண்டாம், திட்டும் வேண்டாம். வீடு கொஞ்சம் சலிப்பாக இருந்தால் போதும். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளிக் கணினி இரவு 10.30க்குத் தானாக அடங்கிவிடுகிறது, திறன்பேசி அடங்காது. எல்லாருடைய சார்ஜரும் வரவேற்பறையில் இருக்கட்டும். உன்னுடையதும்.

பாடம் போய்விடுமே என்று இப்போது துணைப்பாடத்தைக் கூட்டிவிடாதே. 2023 முதல் அரையாண்டுத் தேர்வு எந்த நிலைக்கும் இல்லை. இரண்டாம் தவணையில் மூச்சுவிட இடமிருக்கிறது. ஜூன் விடுமுறை நான்கு வாரத்துக்குப் பிறகு மறுபடி சறுக்கும். சறுக்கினால் ஒரு படி மட்டும் இறங்கு, முதலிலிருந்து தொடங்காதே.

இதற்கெல்லாம் அசையவில்லை என்றால், ஆலோசகர் உங்கள் சம்மதத்தோடு மனநலக் கழகத்தின் 'ரீச்' குழுவிடம் அனுப்பலாம். 2007இலிருந்து பள்ளிகளோடு வேலை செய்கிறார்கள். உன் மாமியார், கழகத்தின் பழைய பெயரைச் சொல்லி, 'உட்பிரிட்ஜா?' என்பார். என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று, கை நடுங்கத்தான் எழுதுகிறேன். "சாகலாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுவிடு. கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால்தான் வெளியே வரும். "ஆமாம்" என்றால் அவனைத் தனியாக விடாதே, 1767க்கு அழை, அபய ஆலோசனைச் சங்கத்தார் 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 995. மாத்திரை டப்பாவை இன்றைக்கே பூட்டிவை.

படிவ ஆசிரியருக்கு எழுது. நீ எழுதினால் அழகாக எழுதுவாய், வேலையிடத்தில் உன் அறிக்கைகளை எல்லாரும் மெச்சுகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். நான்கு வரி எழுத உனக்கு ஏன் இத்தனை நாள்?

இல்லை, அதைக் கேட்க எனக்கு வாயில்லை. உயர்நிலை மூன்றில் நீ அந்த நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்ட் வாசலில் உட்கார்ந்திருப்பாய். "நடிக்காதே, எழுந்திரு" என்பேன். டாக்டரிடம் போகவில்லை, பள்ளிக்கு ஒரு வரி எழுதவில்லை. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிடப்போகிறாரே என்பதுதான் என் கவலை. பிறகு நானே ஆலோசகராக அந்த அறையில் உட்கார்ந்து எத்தனை தாய்மார்களிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நீ இதை என்னிடம் மறைப்பதில் என்ன ஆச்சரியம்.

கீரை ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் தாங்காது. தம்பியின் ஸ்டிக்கருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. பள்ளி நேரத்தில் வந்ததைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பூனையை அனுப்பட்டுமா, வேண்டாமா? நீயே சொல்.

அம்மா