புதுப் பலகைக்குப் பின்னால் பழைய உக்கல்: டெக் திருத்த வேலை பற்றிய புகார்

ஸ்காபரோ, ஒன்ராறியோ

முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: சமையலறைக் கதவடி டெக்கின் அடிச்சட்ட வேலையை மீளச் செய்து தருதல்

ஐயா,

உங்கள் ஆட்கள் போன மாதம் திருத்தி முடித்துக் கொடுத்த டெக்கில் (வீட்டுச் சுவரோடு ஒட்டிய மரத்தளம்) ஒருவரையும் ஏறவிடாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம். சுவரோரம் 14 அடி, வெளியே 12 அடி, நிலத்திலிருந்து 7 அடி உயரம். மேற்பலகை வேலை நேர்த்தி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை எல்லாம் அடியில்.

பில்லில் "லெட்ஜர் மாற்றியது, உக்கிய ஜொயிஸ்ற் 4 மாற்றியது" என்று இருக்கிறது (லெட்ஜர்: டெக்கைத் தாங்க வீட்டுச் சுவரில் பூட்டும் பலகை; ஜொயிஸ்ற்: மேற்பலகையைத் தாங்கும் குறுக்குச்சட்டம்). லெட்ஜர் புதிதுதான். ஆனால் அதை எதில் பூட்டியிருக்கிறீர்கள்? அதைப் பூட்டிய 20 லாக் ஸ்குரூவுக்கும் (மரத்துக்குள் முறுக்கி ஏற்றும் தடித்த திருகாணி) ரெஞ்ச் போட்டுப் பார்த்தோம். கதவுக்கு நேர் கீழே உள்ள 7 இறுகவே இல்லை, சும்மா சுற்றுகின்றன. பேஸ்மென்றில் இன்சுலேஷனை இழுத்துப் பார்த்தால், வீட்டின் ரிம் பலகை (லெட்ஜருக்குப் பின்னால் வீட்டுத் தளத்தின் விளிம்பில் நிற்கும் பலகை) அந்த இடத்தில் மூன்றரை அடிக்குக் கறுத்து ஈரமாகக் கிடக்கிறது. ஸ்குரூட்றைவர் நுனி, தேத்தண்ணியில் ஊறின பாணுக்குள் போவதுபோல முக்கால் அங்குலம் இறங்குகிறது. பழைய லெட்ஜரைக் கழற்றிய அன்று இது உங்கள் ஆட்களின் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கும். அதை மூடித்தான் புதுப்பலகை ஏறியிருக்கிறது.

சதுர அடிக்கு 40 இறாத்தல் சுமை என்று பார்த்தால் 168 சதுர அடிக்கு 6,720 இறாத்தல். பாதி வெளிப்புற பீமுக்குப் போகும். மற்றப் பாதி, 3,360 இறாத்தல், லெட்ஜரின் தலையில். மரத்தின் சொந்தப் பாரம் வேறு. அதை உக்கின மரத்தில் கடித்திருக்கும் ஸ்குரூக்களை நம்பி விட முடியாது.

உக்கலுக்குக் காரணமும் அப்படியே இருக்கிறது. லெட்ஜருக்கு மேலே பிளாஷிங் (தண்ணீரை வெளியே வழியவிடும் மடிப்புத் தகடு) இல்லை. சைடிங்குக்கும் (வெளிச்சுவரின் மேலுறை) லெட்ஜருக்கும் நடுவே சிலிக்கோன் இழுத்து விட்டிருக்கிறார்கள். சில குளிர்காலம் போக அது விரிசல் விடும், பிறகு உள்ளே போன தண்ணீர் காயவும் வழியில்லை. பிளாஷிங்கின் மேல்மடிப்பு ஹவுஸ்ராப்புக்குப் (சைடிங்குக்கு உள்ளே சுவரைச் சுற்றிய ஈரத்தடைத் தாள்) பின்னால் போக வேண்டும், கீழ்மடிப்பு லெட்ஜரின் முகத்துக்கு மேலால் இறங்க வேண்டும். ஓடு வேய்கிற அதே முறை. வெறும் அலுமினியத் தகடு வைக்க வேண்டாம்: பதப்படுத்திய மரத்திலுள்ள செப்பு அதை அரித்துவிடும்.

ஜொயிஸ்ற் நாலில் ஒன்றுகூட மாற்றப்படவில்லை. உக்கின நுனிகளை விட்டுவைத்து, பக்கத்தில் 3 அடித் துண்டுகளைச் சேர்த்து அடித்திருக்கிறார்கள். பக்கத்துணை வைப்பது பிழையான முறையல்ல. துணைப்பலகையின் ஒரு நுனி ஹங்கரிலும் (ஜொயிஸ்ற் நுனியை லெட்ஜரில் தாங்கும் உலோகக் கொளுவி) மற்ற நுனி பீமிலும் இருந்தால் அது வேலை செய்யும். உங்கள் துண்டுகள் லெட்ஜருக்கு அரை அங்குலம் முன்பே முடிகின்றன, ஹங்கரும் இல்லை. அந்தரத்தில் நிற்கும் துண்டு எதைத் தாங்கும்? பழைய ஹங்கர்களில் பாதித் துளை வெறுமை. மீதியில் மஞ்சள் முலாம் பூசிய சாதாரண ஸ்குரூ. பாரம் ஸ்குரூவுக்குக் குறுக்காக விழும்போது அந்த ரகம் முறியும். இரண்டின் தலையில் இப்போதே கறள். வெட்டிய முனைகள் வெளிறிக் கிடக்கின்றன. மருந்து மரத்தின் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை, அதனால் வெட்டின ஒவ்வொரு முனைக்கும் பதமருந்து பூச வேண்டும் என்பது நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது: முதலில் லெட்ஜரிலிருந்து 2 அடி தள்ளி, இரட்டை 2 × 10 பீம் ஒன்றை ஜாக்கில் நிறுத்தி எல்லா ஜொயிஸ்ற்றுக்கும் முட்டுக் கொடுங்கள். ரிம் பலகையை வெட்டுமுன் பேஸ்மென்றுக்குள்ளும் முட்டு வேண்டும், மேல் சுவரின் பாரம் அங்கேதான் நிற்கிறது. நல்ல மரம் தெரியும் வரை உக்கலை வெட்டி எடுத்துப் புதுப்பலகை வைத்து, பிளாஷிங்குடன் லெட்ஜரை மீளப் பூட்டுங்கள்: சூட்டு நாகமுலாம் இட்ட அரை அங்குல லாக், மேலும் கீழுமாக இரண்டு வரிசை. நாலு ஜொயிஸ்ற்றும் முழு நீளத்தில் புதிது. ஹங்கர்களும் அதே முலாமில், உரிய ஹங்கர் ஆணியால், ஒரு துளை விடாமல்.

இன்னொன்று. ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த டெக் கட்டப் பெர்மிற் வேண்டும். இந்தச் சட்டக வேலைக்கு எடுத்திருந்தால் அதன் இலக்கத்தை அனுப்புங்கள்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002 இன்படி செய்து கொடுக்கும் வேலை நியாயமான தரத்தில் இருக்கும் என்பது உங்கள் உத்தரவாதமாகவே கொள்ளப்படும். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் வேலை தொடங்கும் திகதியை எழுத்தில் தாருங்கள். மீதி 2,100 டொலர் வேலை சரியாக முடிந்த பிறகு. 11 படங்கள் இணைத்திருக்கிறோம். 4ஆவது படத்தில் ஸ்குரூட்றைவர் குத்தி நிற்பதுதான் ரிம் பலகை.

சைடிங்கை மூடுவதற்கு முதல் நாள் அறிவியுங்கள். பிளாஷிங்கைக் கண்ணால் பார்க்காமல் மூட விடமாட்டோம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்