அந்த ஓவியத்துல கலரும் தப்பு, கையில துப்பாக்கியும் தப்பு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன இதழ்ல, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க கிரீஸ் நாட்டு கிரீட் தீவைத் தாக்குன சண்டை பத்தி வந்த கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா கூட இருந்த ஓவியத்தைப் பாத்ததும் மனசு கேக்கல. ஜெர்மன் பாராசூட் ஆளுங்க எல்லாரும் பளிச்சுனு வெள்ளைக் குடையில தொங்கிட்டே ரைஃபிளால கீழ சுட்டுக்கிட்டு வர்றாங்க. அது நடக்கவே வாய்ப்பில்ல சார்.

அவங்க பாராசூட் கயிறெல்லாம் முதுகுப் பக்கம் ஒரே இடத்துலதான் வந்து மாட்டும், அதனால பூனைக்குட்டியைப் பிடரியில தூக்குன மாதிரி முன்னால சாஞ்சு தொங்கிட்டே இறங்கணும், கயித்தை இழுத்து திசை திருப்பவும் முடியாது, தரையில கையும் முட்டியும்தான் முதல்ல மோதும், முட்டிக்கு அவ்ளோ தடிப்பா பேட் கட்டுனது அதுக்குத்தான். இப்படி விழறவன் நீளத் துப்பாக்கியைக் கட்டிக்கிட்டா குதிப்பான்? பெரும்பாலும் ஒரு பிஸ்டல், கொஞ்சம் கையெறி குண்டு, சில பேர்கிட்ட சப்மெஷின் கன்னுங்கிற சின்ன மெஷின் கன், அவ்ளோதான். ரைஃபிள், மெஷின் கன், தோட்டா எல்லாம் பெட்டியில தனி பாராசூட்ல வந்து விழும்.

கலர் சமாச்சாரம் இங்கதான் வருது. இறங்குனவன் ஓடிப் போய் தன் யூனிட் பெட்டியைக் கண்டுபிடிச்சாதான் துப்பாக்கி. அதனாலதான் பெட்டியைச் சுத்தி கலர் கலரா வளையம், மருந்துப் பெட்டிக்கு சிவப்புச் சிலுவை, பாராசூட்டும் பல கலர்ல. ஆபீசருக்கு ஊதா, சிப்பாய்க்கு கருப்பு, ஆயுதத்துக்கு வெள்ளை, மருந்துக்கு மஞ்சள்னு ஒரு பட்டியல் நெட்ல சுத்துது, நான் அதை சட்டமா எடுத்துக்க மாட்டேன், ஏன்னா பச்சையும் பழுப்புமா காமஃப்ளாஜ் துணியிலயும் அங்க குதிச்சிருக்காங்க.

நான் 1/35 சைஸ்ல பிளாஸ்டிக் மாடல் கட்டறவன். அந்தப் பெட்டி நிஜத்துல சுமார் ஒன்றரை மீட்டர், என் மேஜையில சுண்டுவிரல் நீளம்கூட வராது, அதுல வளையம் அடிக்கவே ரெண்டு ராத்திரி போச்சு. அடியில நெளிநெளியா ஒரு தகரம் இருக்கும், விழற அடியை அது நசுங்கி வாங்கிக்கும். "பெட்டிக்கு எதுக்கு மாமா சக்கரம்?"னு அக்கா பையன் கேட்டான். அவ்ளோ வெயிட்டை வெறுங்கையில தூக்கவா முடியும், மாட்டி இழுத்துட்டுப் போகத்தான்டா.

ஆனா 1941 மே 20 காலைல நிறைய பேருக்கு பெட்டிகிட்ட போகவே முடியல. மாலெமே விமானத்தளத்துக்குக் கிழக்க இறங்குன ஒரு பட்டாலியன் நேரா தீவைக் காத்துட்டிருந்த நியூசிலாந்துக்காரங்க தலைமேலயே விழுந்துச்சு, சுமார் 600 பேர்ல 400 பேர் கிட்ட செத்துட்டாங்க. கலரும் அடையாளமும் எதிரி கண்ணுக்கும் தெரியும்ல? ஜெர்மன்காரங்ககிட்ட பிடிச்ச ஸ்வஸ்திகா கொடியை நியூசிலாந்துக்காரங்க விரிச்சு வச்சதும், மேல வந்த ஜெர்மன் விமானம் நம்மாளுங்கன்னு நெனச்சு சப்ளையை எதிரிக்கே போட்டுட்டுப் போயிருக்கு. ரைஃபிளோட குதிக்கணும்னே எஃப்ஜி 42னு தனியா ஒரு துப்பாக்கி செஞ்சதெல்லாம் இதுக்குப் பின்னாடிதான்.

அதனால அடுத்த தடவை ஓவியர் கிட்ட கொஞ்சம் சொல்லுங்க. பெட்டி எப்படி இருக்கும்னு சந்தேகம்னா என்கிட்ட நாலு இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பறேன், ஒன்னுல மட்டும் வளையம் கோணலா போயிடுச்சு, அதை கண்டுக்க வேணாம்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா படிக்கிற வாசகன்