இக்போ ஊரில் ஒரு ஸ்காட்லாந்து மருமகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் ஊருக்கு மருமகளாக வந்த அயல்நாட்டுப் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நன்றாக இருந்தன. மடிசார் கட்டிய ஒருவர், கோலம் போடும் ஒருவர், சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்ட இன்னொருவர். எல்லாருக்கும் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தி, மாமனார் மாமியாரைக் கரையேற்றி, கொழுந்தன் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருவரைக்கூடவா தேடிப் பிடிக்க முடியவில்லை? குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன். அப்படி வாழ்ந்த ஒருவர் போன மாதம் கிழக்கு நைஜீரியாவில் காலமானார் என்று செய்தி வந்த கையோடு உங்கள் இதழைப் பிரித்தேன்.

1976இல் நைஜீரிய அரசு எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. எண்ணெய்ப் பணம் புரண்ட காலம். பள்ளிக்கூடங்கள் முளைத்த வேகத்துக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ பேர் அப்போது அங்கே போனோம். நானும் என் கணவரும் என்சுக்கா பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் கணக்கு, நான் வேதியியல். விடுதிப் பெண்களுக்குக் காய்ச்சல், வயிற்றுவலி என்றால் பார்க்கும் நர்ஸ் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவில் பொறியியல் படிக்கப் போன இக்போ இளைஞரை (இக்போ என்பது கிழக்கு நைஜீரியாவின் பெரிய இனம்) கல்யாணம் செய்துகொண்டு, நைஜீரியா சுதந்திரம் அடைந்த மறு வருடம் அவரோடு வந்துவிட்டவர். எங்களுக்கும் ஊராருக்கும் அவர் 'ஆன்ட்டி'.

அவரை நினைத்தால் வராந்தாவில் கசப்புக் கீரை அலசும் கைதான் முதலில் தெரிகிறது. இக்போ வீடுகளில் அந்தக் கீரையில் ஒரு குழம்பு வைப்பார்கள். பச்சையாக வாயில் வைக்க முடியாத கசப்பு. தண்ணீரில் போட்டுத் துணி கசக்குவதுபோல் கசக்கிப் பிழிய வேண்டும். பச்சை நுரை பொங்கி வரும். அதைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் பிழிய வேண்டும். ஆன்ட்டி நடுநடுவே ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். கசப்பு முழுக்கப் போய்விட்டால் மாமியார் சாப்பிட மாட்டார், கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பக்குவம் மாமியார் சொல்லிக்கொடுத்தது. அபாகாலிகி என்ற அந்தப் பக்கத்து ஊரில் விளையும் அரிசியில் கல் பொறுக்க நாங்கள் முறத்தோடு உட்காரும்போது அவரும் வந்து உட்கார்ந்துகொள்வார். கல் பொறுக்குவதில் எங்களைவிட வேகம்.

போரைப் பற்றி அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அவருடைய கொழுந்தன் மகள் என் மாணவி. அவள் சொல்லித்தான் தெரியும். 1967 மே 30 அன்று கிழக்கு நைஜீரியா, பியாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாக அறிவிக்கப்பட்டது. ஜூலையில் நைஜீரிய அரசுக்கும் அதற்கும் போர் மூண்டது. வெளிநாட்டு மனைவிகளில் பலர் பிள்ளைகளோடு தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். அதைத் தப்பு சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. ஆன்ட்டி போகவில்லை. எனுகுவில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு குழந்தைகளோடு கணவரின் கிராமத்துக்குப் போனார். அக்டோபரில் பியாஃப்ராவின் தலைநகரான எனுகு நைஜீரியப் படையிடம் விழுந்தது. ஊருக்குள் அகதிகள் வந்து நிறைந்தார்கள். உப்பு கிடைக்கவில்லை. புரதம் இல்லாமல் குழந்தைகளுக்குக் கால் வீங்கி, முடி செம்பட்டையாயிற்று. தேவாலய அமைப்புகள் சாவோ டோமே தீவிலிருந்து இரவோடு இரவாக விமானத்தில் உலி என்ற இடத்துக்குப் பால் பவுடரும் காய்ந்த மீனும் அனுப்பின. விளக்கை அணைத்து அணைத்துப் போடும் ஓடுபாதை. உண்மையில் அது அகலப்படுத்திய ஒரு சாலை. அப்படி வந்ததில் அந்த ஊருக்குக் கிடைத்த பங்கை ஆன்ட்டி அளந்து ஊற்றினாராம், தன் பிள்ளைக்கும் அதே வரிசை, அதே கரண்டி. என் மாணவி அந்த வரிசையில் தூக்கிக்கொண்டு போகப்பட்ட கைக்குழந்தை. 1970 ஜனவரியில் போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இருபது பவுண்டு பணம்தான் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் அந்தக் குடும்பமும் மறுபடி ஆரம்பித்தது.

என் இரண்டாவது பிரசவம் அங்கேதான். இக்போ வழக்கத்தில் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு அவள் அம்மா வந்து தங்கிப் பார்த்துக்கொள்வார்; ஒமுக்வோ என்பார்கள். என் அம்மா ஸ்ரீரங்கத்தில். ஆன்ட்டிதான் வந்தார். வெந்நீரில் துண்டை முக்கி வயிற்றை அழுத்தி அழுத்தி ஒத்தடம் கொடுத்தார். நான் கத்தியதற்கு அசரவே இல்லை. அவருடைய முதல் பிரசவத்தில் கிளாஸ்கோவிலிருந்து யாரும் வர முடியாமல் மாமியார் செய்தாராம். அப்படியே கற்றுக்கொண்டு, கொழுந்தன் பிள்ளைகளின் மனைவிகளுக்கெல்லாம் பிற்பாடு இவர் போய்ச் செய்தார். சேனைக்கிழங்குபோல ஒரு கிழங்கு, மிளகு மாதிரிக் காரமான விதை, வாசனைக் காய் எல்லாம் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒரு ரசம் வைத்துக் கொடுத்தார். அதில் கருவாடு கட்டாயம் உண்டு. ஐயங்கார் வீட்டுப் பெண்ணுக்காகக் கருவாடு போடாமல் வைத்துவிட்டு, மருந்துக்குப் பாதி பலம் போயிற்று என்று ஒரு வாரம் முணுமுணுத்தார்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் வெளிநாட்டு மனைவி தங்கும் உரிமை புருஷனின் பெயரோடு ஒட்டியது. இந்தப் பெண்கள் 1979இல் லாகோஸில் நைஜர்வைவ்ஸ் என்று ஒரு சங்கம் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட தலைவலிகளும் காரணம். விதவையையும் பெண் பிள்ளைகளையும் சொத்தில் ஒதுக்கும் வழக்கம் செல்லாது என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்ல 2014 வரை ஆயிற்று. இத்தனைக்கும் 1929இல் வெள்ளைக்கார அரசையே எதிர்த்துக் கிளம்பிய பெண்களின் ஊர்கள் அவை. ஆன்ட்டியின் கொழுந்தன்மார் நல்லவர்கள், கணவர் போன பிறகும் வீடு அவருடையதாகவே இருந்தது. ஆனால் கொழுந்தன்மாரின் குணத்தை நம்பி ஒருத்தி வாழ வேண்டியிருப்பது நல்ல ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை.

அடக்கத்தின் வீடியோவை மாணவி வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். ஊர் மருமகள்கள் ஒரே அச்சுத் துணி உடுத்தி வந்தார்கள். அந்தக் குலத்தில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் தனியாக வந்து இறங்கினார்கள். சாவு வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டாருக்கு முறைப்படி சொல்லி, அவர்கள் வந்து சம்மதித்தால்தான் இக்போ ஊரில் அடக்கம் நடக்கும். கிளாஸ்கோவில் பிறந்தவருக்குப் பிறந்த வீட்டார் யார்? கல்யாணச் சடங்கு அந்த ஊரில் நடந்தபோது, பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று பெண் வீடாக நின்று பரிசம் வாங்கியிருக்கிறது. அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அவர் தாய்வீடு என்று அங்கேதான் போவார். இப்போது அந்த வீட்டுப் பேரன்கள் ஆடும் துணியும் கொண்டு வந்து, சகோதரியை எப்படி வைத்துக்கொண்டீர்கள் என்று கணக்குக் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த அண்ணன் மகனை அவர்கள் தங்கள் பக்கத்தில், தங்களில் ஒருவனாக உட்காரவைத்துக்கொண்டார்கள். வீட்டு முற்றத்தில், கணவருக்குப் பக்கத்தில் ஆன்ட்டியை அடக்கம் செய்தார்கள்.

உங்கள் நிருபர் கேட்டிருக்க வேண்டியது இந்த மாதிரி விஷயங்களை என்று தோன்றியதால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். தமிழ்நாட்டிலும் இப்படி ஊன்றி வாழ்ந்த அயல்நாட்டு மருமகள்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடி ஒரு கட்டுரை போடுங்கள். நைஜீரியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஆசிரியர்களும் திருச்சி, மதுரைப் பக்கம் இன்னும் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு ஆன்ட்டி கதை வைத்திருப்போம். அனேகமாக எல்லாருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கேட்பதென்றால் சீக்கிரம் ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஸ்ரீரங்கம்.