கடைச் சரக்கு குறைவது பற்றி நண்பனுக்கு

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சின்னவள் பி.காம். சேர்ந்துவிட்டாள் என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் இரண்டு வாரம் போட வேண்டும்.

கடைசிப் பக்கத்தில், கடையில் மாசம் அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு காணாமல் போகிறது, பில்லிங்கில் இருக்கிற பையன்தான் எடுக்கிறான், மாசக் கடைசியில் கூப்பிட்டு நாலு தட்டு தட்டி அனுப்பப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து மனசு சரியில்லை. தயவுசெய்து அவசரப்படாதே. அவன் எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். நீ அனுப்பிய கணக்கை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

கணக்கையே பார். ஆரம்ப இருப்பு 28,40,000. கொள்முதல் 31,10,000. கம்பெனிக்குத் திருப்பியது 60,000. விற்பனை 35,00,000. லாபம் 12 சதவீதம் என்று வைத்து, விற்ற சரக்கின் அடக்கம், அதாவது வாங்கின விலை, 30,80,000 என்று எடுத்திருக்கிறாய். அப்படியானால் கடையில் 28,10,000 இருக்க வேண்டும். எண்ணியபோது 27,50,000. குறைவு 60,000. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அந்த 12 சதவீதம் எங்கிருந்து வந்தது? மாசத்துக்கு மாசம் அது மாறும். சீனி, எண்ணெய், அரிசி அதிகம் போன மாசத்தில் லாபம் மெலியும். சோப்பு, பவுடர், ஊதுபத்தி அதிகம் போனால் கூடும். 12 என்பது 11 ஆக இருந்திருந்தால் அடக்கம் 31,15,000. இருக்க வேண்டிய சரக்கு 27,75,000. குறைவு 25,000 மட்டும். ஒரு சதவீத ஊகத்தில் 35,000 ரூபாய் தோன்றிவிட்டது. அந்த 35,000-ஐ எந்தப் பையனும் எடுக்கவில்லை.

அதனால் சராசரி லாபத்தை விட்டுவிடு. உன் பில்லிங் சாப்ட்வேரில் சாமான்வாரியாக அடக்க விலையோடு விற்பனை அறிக்கை எடுக்கலாம். அதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, ஜிஎஸ்டி. கொள்முதலை வரியோடும் விற்பனையை வரி இல்லாமலும் எடுத்தால் இல்லாத குறைவு தெரியும். மாற்றி எடுத்தால் இருக்கிற குறைவு மறைந்துவிடும். இரண்டு பக்கமும் வரி இல்லாமல் எடு.

அடுத்தது பாக்கெட் போடும் இடம். கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலிருந்து மூட்டையாக எடுத்து நீயே பாக்கெட் போடுகிறாய் அல்லவா? 50 கிலோ சீனி மூட்டையை ஒரு கிலோ பாக்கெட்டாகப் போடும்போது ஒவ்வொன்றிலும் 20 கிராம் கூடப் போனால் 49 பாக்கெட்தான் வரும். 10 கிலோ முந்திரியைக் கால் கிலோவாகப் பிரித்தால் 40 வர வேண்டும். பாக்கெட்டுக்கு 5 கிராம் கூடினால் கிட்டத்தட்ட 200 கிராம் போய்விடும். 39 நிறையும், நாற்பதாவது குறையாக நிற்கும். மூட்டை பிரித்தபோது உள்ளே இருந்த எடை, வந்த பாக்கெட், சிந்தல், தூசி என நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்றைப் பாக்கெட் போடுகிற அக்காவிடம் கொடு. புளியும் வெல்லமும் இருக்க இருக்க எடை மாறுகிறவை. அவற்றை மாசத்துக்கு ஒருமுறை நிறுத்துத் திருத்திக்கொள்.

இதெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான குறைவு. அதிலும் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆள் யார் என்பது அதற்குப் பிறகு. சின்னதாக இருந்து விலை கூடுதலாக உள்ள சாமான் நாற்பது தேர்ந்தெடு: ஏலக்காய், முந்திரி, நெய் பாட்டில், ரேசர் பிளேடு, குழந்தைப் பால் மாவு, பெரிய சாக்லேட், முகக் கிரீம் மாதிரி. தினம் பத்து சாமான் வீதம், கடையை மூடும்போதும் மறுநாள் திறக்கும் முன்னும் எண்ணு. கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ரேக்கில் இருப்பதையும் குடோனில் இருப்பதையும் தனித்தனியாக எழுது. இரவு எண்ணிக்கைக்கும் காலை எண்ணிக்கைக்கும் வித்தியாசம் வந்தால் சாவி வைத்திருப்பவர்கள் பக்கம் பார். பகலில் வந்தால், அன்றைய விற்பனை அறிக்கையோடு ஒப்பிடு. குடோனில் குறைந்தால் கேள்வி வேறு, ரேக்கில் குறைந்தால் வேறு. ரேக்கில் குறைவது வாடிக்கையாளர் கைவரிசையாகவும் இருக்கலாம். மூன்று வாரம் இப்படி எண்ணினால் எந்த இடம், எந்த நேரம் என்று தாளே சொல்லிவிடும்.

பில்லிங்கில் நடப்பது பெரும்பாலும் சில வழிகளில்தான். ரொக்கம் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் படியிறங்கியதும் பில்லை கேன்சல் செய்வது. பில்லை முடிக்காமல் ஹோல்டில் நிறுத்தி வைத்துத் தொகையை மட்டும் வாயால் சொல்லிப் பணம் வாங்கிவிட்டுப் பிறகு அழிப்பது. வராத வாடிக்கையாளர் பெயரில் சேல்ஸ் ரிட்டர்ன் போடுவது. தெரிந்தவர் வந்தால் மூன்று சாமானில் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மூன்றையும் பையில் போடுவது. உன் கியூஆர் அட்டைக்குப் பதிலாகத் தன் நம்பரைக் காட்டி, 'மெஷின் வேலை செய்யலைண்ணே, இதுல போடுங்க' என்பது. பாயின்ட் கார்டு இல்லாத வாடிக்கையாளரின் பாயின்டைத் தன் செல் நம்பரில் ஏற்றிக்கொள்வது.

இவற்றில் முதல் மூன்றும் சாப்ட்வேரில் தடம் விட்டே போகும். கேன்சல், டெலிட், ஹோல்டு, ரிட்டர்ன் அறிக்கையை மூன்று மாசத்துக்கு எடுத்து, கவுன்டர்வாரியாக, மணிவாரியாகப் பிரி. நேர்மையான கேன்சல் நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். யுபிஐ பில், கார்டு பில்லும் அதில் கலந்திருக்கும், கேன்சலுக்குப் பின் உடனே திருத்திய பில் ஒன்று நிற்கும். கேன்சல் எல்லாம் ரொக்கமாக, நீ வீட்டுக்குச் சாப்பிடப் போகிற நேரத்தில், திருத்திய பில் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் மேலே பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்யாமல் விடுவது அறிக்கையில் தெரியாது. அதற்குக் கேமரா கவுன்டரின் மேலிருந்து சாமானையும் திரையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். உன் கேமரா வாசலைத்தான் பார்க்கிறது.

ஆனால் மாப்பிள்ளை, இவ்வளவும் பார்க்க முதலில் ஒன்றைச் சரி செய்தாக வேண்டும். உன் இரண்டு கவுன்டருக்கும் ஒரே பாஸ்வேர்ட். பையன் டீ குடிக்கப் போனால் அந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பில் போடுகிறார்கள். அப்படியிருக்க, அவன் பெயரில் விழுந்த கேன்சல் அவன் போட்டதுதான் என்று நீ எப்படிச் சொல்வாய்? ஆளுக்கு ஒரு லாகின் கொடு. கேன்சலும் ரிட்டர்னும் உன் பாஸ்வேர்ட் இல்லாமல் போகக்கூடாது என்று சாப்ட்வேர்காரரிடம் பூட்டச் சொல். இந்த ஒன்றைச் செய்யாமல் யார் மீதும் பழி போட உனக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

கல்லா முடிப்பதையும் மாற்று. இப்போது கம்ப்யூட்டர் சொல்லும் தொகையைப் பார்த்துவிட்டு அவர்கள் பணம் எண்ணுகிறார்கள். பணத்தை முதலில் எண்ணி, நோட்டுவாரியாகத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கம்ப்யூட்டர் தொகையைத் திறக்க வேண்டும். குறைந்தால் கையிலிருந்து போட வைக்கிறாய், கூடினால் கேட்பதில்லை. இதனால் என்ன ஆகிறது தெரியுமா? நாளைக்குக் குறையுமே என்ற பயத்தில் இன்று கூடியதை ஒதுக்கி வைக்கப் பழகுகிறார்கள். சில்லறை இல்லை என்று இரண்டு ரூபாயைத் திருப்பித் தராமல் வைப்பதும், பால் பாக்கெட்டுக்குப் பில் போடாமல் விடுவதும் அங்கேதான் ஆரம்பம். குறைவையும் கூடுதலையும் ஒரே நோட்டில் எழுது. சின்ன வித்தியாசத்துக்குப் பணம் கேட்காதே. ஒரே ஆளிடம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் உட்கார்ந்து பேசு.

பின்வாசல் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பெரிய தொகை போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பில்லில் 12 பெட்டி, இறங்கியது 11. பன்னிரண்டுக்கு ஒன்று ஸ்கீம் என்று கம்பெனி தருகிற இலவசச் சரக்கு பில்லில் பூஜ்யம் விலையில் இருக்கும். அது லைன் சேல்ஸ்மேனும் சரக்கு இறக்குபவரும் பங்கு போடும் சரக்காகிவிடும், உன் கணக்கில் ஏறவே ஏறாது. எக்ஸ்பைரி சரக்கை எழுதாமல் அனுப்பினால், அதன் தொகையைக் கம்பெனி கழித்துத் தரும் கிரெடிட் நோட் வராது. காய்கறியைக் கிரேட்டோடு நிறுத்தால் ஒரு கிரேட்டுக்கு இரண்டு கிலோ பிளாஸ்டிக்குக்குக் காசு கொடுப்பாய். சரக்கு இறக்குபவரிடம் பில்லைக் காட்டாதே. அவர் வெறும் தாளில் எண்ணி எழுதட்டும். பிறகு நீயோ கணக்குப்பிள்ளையோ பில்லோடு ஒப்பிடுங்கள். காலி அட்டைப்பெட்டியை மடக்கித் தட்டையாக்கிய பிறகே வெளியே போகவிடு. மடக்காத பெட்டியின் அடியில் இரண்டு நெய் பாட்டில் போனால் யாருக்கும் தெரியாது. குப்பைப் பையும் அப்படித்தான். அது போகிற நேரத்தில் ஒருவர் உடன் நிற்கட்டும்.

உன் வீட்டுக்குப் போகும் சாமானுக்கும் பில் போடு. தம்பி வந்து எடுத்துப் போவதையும் சேர்த்து. 'வீட்டு உபயோகம்' என்று தனிக் கணக்கு திறந்தால் போதும். அந்த அறுபதாயிரத்தில் அதுவும் கொஞ்சம் இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் மீது கை காட்டும் சான்று கிடைத்தால், அன்றைக்கே கத்தாதே. கேமரா பதிவு சேரும் உன் டிவிஆரில் 30 நாளில் பழைய பதிவு அழிந்துவிடும், ஆகவே தேவையான பகுதியை உடனே இரண்டு பென் டிரைவில் எடு. டிவிஆர் கடிகாரமும் பில்லிங் கடிகாரமும் ஒத்துப் போகிறதா என்று பார். ஐந்து, பத்து நிமிஷம் தள்ளி இருப்பது சகஜம். அந்த வித்தியாசத்தை எழுதி வைக்காவிட்டால் பில் நம்பரும் காட்சியும் பொருந்தாமல் எல்லாம் வீணாகும். கோர்ட் வரை போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்தச் சாதனத்துக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டிவரும், அதனால் பதிவை யார் எடுத்தது, எந்தத் தேதி என்பதையும் குறித்து வை. ஒரே ஒரு சம்பவம் போதாது. ஒரு தடவை ஸ்கேன் விட்டுப்போவது கைத்தவறாக இருக்கலாம்.

அடிப்பதும், அறையில் வைத்துப் பூட்டுவதும், மிரட்டி எழுதி வாங்குவதும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் வேண்டவே வேண்டாம். ஆளைப் பூட்டி வைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில் குற்றம். மிரட்டி வாங்கிய தாள் எங்கேயும் நிற்காது. அவன் எடுத்த ரெண்டாயிரம் பின்னால் போய், நீ செய்தது முன்னால் நிற்கும். வெளியே போகும்போது பை பார்ப்பதானால் மேனேஜர் முதல் எல்லோருக்கும் ஒரே மாதிரி, பெண்களுக்குப் பெண்தான் பார்க்க வேண்டும், வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு மாசத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக்கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41ஆம் பிரிவு அது. தவறான நடத்தை என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் விசாரணை வைத்துச் சான்றைப் பதிவு செய்திருக்க வேண்டும். எந்தத் தேதி, எந்தப் பில், எவ்வளவு என்று தமிழில் குற்றச்சாட்டுக் கடிதம் கொடு. பதில் எழுத ஒரு வாரம் கொடு. விசாரணையை நீ நடத்தாதே, உன் ஆடிட்டரோ வக்கீலோ நடத்தட்டும். காட்சியை அவனுக்குக் காட்டி, அவன் சொல்வதையும் அப்படியே எழுதிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். அவன் சொல்வதில் நீ அறியாத விஷயம் இருக்கலாம்; மேனேஜர் போடச் சொன்ன கேன்சலாக இருந்தால் என்ன செய்வாய்? தொகை பெரிதென்றால் போலீசில் புகார் கொடு. வேலையாள் முதலாளி பொருளைத் திருடுவது சன்ஹிதாவின் 306ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை தண்டனை.

குறைவை எல்லோர் சம்பளத்திலும் சமமாகப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. ஒருவர் பொறுப்பில் இருந்தது, அவர் கவனக்குறைவால் போனது என்று தெரிந்தால்தான் பிடிக்கலாம், அதுவும் அவர் பதிலைக் கேட்ட பிறகு, மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல். எடுக்காத பத்துப் பேரிடம் பிடித்தால், நாளைக்கு எடுப்பவனைப் பார்த்தாலும் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மோசடிகள் வெளியே வரும் முதல் வழி யாராவது வந்து சொல்வதுதான். ஏசிஎஃப்இ என்ற மோசடி ஆய்வாளர் அமைப்பின் 2024 அறிக்கையில் 43 சதவீதம் அப்படி வெளிவந்தவை, அதில் பாதிக்கு மேல் வேலை செய்பவர்களே சொன்னவை. அந்த வாயை நீயே அடைக்காதே.

அந்தப் பையன் மைக்ரோ பைனான்ஸ் தவணைக்கு அலைகிறான் என்றும் எழுதியிருந்தாய். அதைத் திருட்டுக்குச் சான்றாக எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. கடன் இல்லாத ஆள் உன் கடையில் யார்? பத்தாம் தேதிக்கு மேல் ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்கலாம், மூன்று மாசத்தில் கழியும் என்று எல்லோருக்கும் அறிவி. வீட்டு மளிகையை அடக்க விலைக்கு, மாசம் ஓர் அளவு வரை, பில் போட்டு எடுக்கலாம் என்று சொல். இப்போது கேட்கக் கூச்சப்பட்டு நிற்பவர்கள் கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும் முன் முதல் பத்து சாமானை எண்ணிவிடு. ஏலக்காயையும் நெய்யையும் முதலில் எடு. எழுதின தாளை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, கூடவே மூன்று மாசக் கேன்சல் அறிக்கையையும் அனுப்பு, இரண்டையும் நான் பார்த்துவிட்டு இரவு போன் செய்கிறேன். பையனிடம் அதுவரை வழக்கம்போலவே பேசு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்